பந்தைத் தொடாதவர்களின் தரவரிசை

அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்தில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர், விடுமுறையில் ஊர் வந்திருந்தபோது விநோதமான கேள்வியொன்றைக் கொண்டுவந்தார்.

"ஹஜ்ரத், அந்நாட்டுக் கால்பந்தில் ஒவ்வோர் அணியிலும் முன்வரிசை என்று ஐந்து பேர் நிற்பார்கள். எந்த அணியின் முன்வரிசை எல்லாக் காலத்திற்கும் சிறந்தது என்று என் அலுவலகத்தில் ஓயாத வாக்குவாதம். ஓடியவர் எத்தனை கஜம் ஓடினார், எறிந்தவர் எத்தனை முறை எறிந்தார் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. இந்த ஐவருக்கு மட்டும் அப்படியொரு கணக்கு இல்லை. கணக்கில்லாதவர்களை எப்படித் தரம் பிரிப்பது? ராவிகளை எடைபோடும் கலையை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் நீங்கள்தாமே?"

எனக்கும் விளையாட்டுக்கும் வெகுதூரம். எனினும் கேள்வி என்னை விடவில்லை. அவர் விட்டுச் சென்ற நூல்களையும் ஆட்டப் படங்களையும் சில மாதங்கள் புரட்டிப் பார்த்தேன். கண்டதை வாசக நேயர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் ஆட்டத்தைப் பற்றி ஒரு சொல். நாம் கால்பந்து என்பது வேறு. அமெரிக்கர் அப்பெயரால் வழங்குவது வேறு. அவர்களுடைய பந்து முட்டை வடிவானது. பெரும்பாலும் கையால் ஆடப்படுவது. மைதானம் நூறு கஜ நீளம். பக்கத்திற்குப் பதினொருவர். பந்தை வைத்திருக்கும் அணி நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். குவார்ட்டர்பேக் எனப்படும் தளகர்த்தர் பந்தை வாங்கி, ஓடுபவரிடம் கொடுப்பார். அல்லது தூரத்தில் இருப்பவருக்கு எறிவார். அவருக்கு முன்னால் ஐவர் ஒரே வரிசையில் குனிந்து நிற்பர். நடுவே மையவீரர், அவருக்கு இருபுறமும் இரு காவலர், அவர்களுக்கு அப்பால் இரு ஓரக்காவலர். மையவீரர் ஒருவரே பந்தைத் தொடுவார். அதுவும் தம் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிடுவதற்காக. எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமை இந்த ஐவருக்கும் சாதாரணமாகக் கிடையாது. பாய்ந்து வருபவரை மார்பாலும் தோளாலும் தாங்கி, தம் பின்னே இருப்பவருக்குச் சில நொடிப் பொழுதையோ, ஓர் ஆள் நுழையும் இடைவெளியையோ உண்டாக்கித் தருவதே அவர்கள் வேலை.

தோளோடு தோள் சேர்ந்து நிற்கும் வரிசையின் அருமையை நாம் அறிவோம். நமது திருமறையில் 'அஸ்ஸஃப்' என்னும் பெயரிலேயே ஓர் அத்தியாயம் உண்டு. வணக்கத்தையும் விளையாட்டையும் ஒப்பிடுவதாக எவரும் எண்ணற்க. ஐவரில் ஒருவர் நழுவினாலும் மற்ற நால்வர் உழைப்பும் வீணாகிவிடும் என்ற ஒன்றைச் சொல்லவே இதை எடுத்தேன்.

அவர்களைப் பற்றி ஏட்டில் ஏறுவதுதான் என்ன? எதிரியைச் சட்டவிரோதமாகப் பிடித்தால் பத்து கஜத் தண்டனை, அது எழுதப்படும். தளகர்த்தர் பந்தோடு வீழ்த்தப்பட்டால் அது 1982 முதல் அதிகாரபூர்வமாக எண்ணப்படுகிறது. தடுத்த தடுப்புக்கோ, திறந்த வழிக்கோ அந்தப் பழைய கணக்கேட்டில் இடமில்லை. வலப்புற ஏடு வெற்றேடாக, இடப்புற ஏட்டில் மட்டும் எழுத்து நிறைந்திருப்பதைப் போன்ற நிலை!

ஆட்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைக்கும் 'தபகாத்' என்னும் நூல்வகை அரபு மொழியில் மிகப் பழையது. ஹிஜ்ரீ 231ல் மறைந்த இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ கவிஞர்களைத் தரம் பிரித்து எழுதிய நூல் அவ்வகையில் புகழ்பெற்றது. அறியாமைக் காலக் கவிஞர்களைப் பத்து வகுப்புகளாக்கி, வகுப்புக்கு நால்வராக வைத்தார் அவர். இம்ரவுல் கைஸ், நாபிகா, ஸுஹைர், அஃஷா ஆகியோர் முதல் வகுப்பு. தரஃபா நான்காம் வகுப்பு. தரஃபா குறைந்தவர் என்பதாலா? இல்லை. அவரும் அவ்வகுப்பின் மற்ற மூவரும் முன்னவர்களோடு நிற்கத் தக்கவர்களே என்றும், அவர்களுடைய கவிதைகள் அறிவிப்பாளர் கைகளில் மிகச் சிலவே எஞ்சியிருந்தமையால் பின்னுக்குத் தள்ளப்பட்டனர் என்றும் இப்னு ஸல்லாம் வெளிப்படையாகவே எழுதிவைத்தார். தகுதி வேறு, சான்று வேறு. தரம் பிரிப்பவன் இரண்டையும் குழப்பலாகாது. இதை அவரிடமிருந்தே நான் எடுத்துக்கொண்டேன்.

மற்றோர் அளவுகோல் ஹதீஸ் கலையினுடையது. ஒரு செய்தியை ஒருவர் மட்டும் அறிவித்தால் அறிஞர்கள் உடனே மனநிறைவு கொள்ள மாட்டார்கள். அதே செய்தி வேறு வழியிலும் வருகிறதா என்று தேடுவார்கள். இதை 'முதாபஆத்' என்போம். முன்வரிசைக்கும் இது பொருந்தும். மகா வல்லவனான ஓர் ஓட்டக்காரன் ஆயிரம் கஜம் ஓடினால், ஓடியது அவன் கால் வலிமையா, முன்னே நின்றவர் தோள் வலிமையா என்று பிரித்தறிய வழியில்லை. ஓடுபவர் மாறி, தளகர்த்தர் மாறி, அதன் பின்பும் வழி திறந்துகொண்டே இருக்குமாயின், திறந்தவர் யார் என்பதில் ஐயம் எழாது.

இந்த உரைகல்லில் முதலாவதாக நின்ற அணியைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. 1982ஆம் ஆண்டுப் பயிற்சி முகாமில் வாஷிங்டன் அணியின் முன்வரிசைப் பயிற்சியாளர் ஜோ பியூகல், தம் ஆட்களை விளையாட்டாக ஒரு பிராணியின் பெயரிட்டு அழைத்தார். நம் வீடுகளில் விலக்கப்பட்ட பிராணி அது. அவர்களோ அதைப் பட்டப்பெயராகவே சூடிக்கொண்டனர். அணியின் அபிமானிகளான ஆண்கள் சிலர் பெண்ணுடை தரித்து, அப்பிராணியின் மூக்கை முகமூடியாக மாட்டிக்கொண்டு ஆட்டம் பார்க்க வந்தனராம்! பெயரை விடுவோம், வேலையைப் பார்ப்போம்.

சூப்பர் பவுல் என்பது 1967 ஜனவரி முதல் ஆண்டுதோறும் நடைபெறும் இறுதிப் போட்டி. வாஷிங்டன் அணி 1983, 1988, 1992 ஆகிய ஆண்டுகளில் அதை வென்றது. மூன்று முறையும் தளகர்த்தர் வெவ்வேறு ஆள்: முதலில் ஜோ தைஸ்மன், அடுத்து டக் வில்லியம்ஸ், பின்னர் மார்க் ரிப்பியன். ஓடியவர்களும் வேறு வேறு. 1983ல் ஜான் ரிக்கின்ஸ் 166 கஜம் ஓடினார். ஒரே ஒரு கஜம் தேவைப்பட்ட நான்காம் முயற்சியில் 43 கஜம் ஓடி ஆட்டத்தையே திருப்பியவர் அவர். 1988ல் அதற்குமுன் அதிகம் அறியப்படாத புதியவரான டிம்மி ஸ்மித் 204 கஜம் ஓடினார். சூப்பர் பவுலில் ஒருவர் ஓடிய மிக அதிக தூரம் இன்றளவும் அதுவே. அந்த இளைஞர் அதன் பிறகு பெயர் சொல்லும்படி எதுவும் செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அன்று ஓடியது அவர் கால்கள் மட்டுமன்று. 1991 பருவத்தின் பதினாறு ஆட்டங்களிலும் சேர்த்துத் தளகர்த்தர் வீழ்த்தப்பட்டது ஒன்பதே முறை.

இம்மூன்று வெற்றி அணிகளிலும் இருந்த முன்வரிசையினர் ஜோ ஜேக்கபி, ரஸ் கிரிம், ஜெஃப் பாஸ்டிக் மூவரும். கல்லூரி வீரர்களை அணிகள் ஆண்டுதோறும் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு அங்கே உண்டு. அதில் ஜேக்கபியையும் பாஸ்டிக்கையும் எந்த அணியும் தேர்ந்தெடுக்கவில்லை. அழைக்கப்படாமல் வந்தவர்கள் அவர்கள். மூன்று தளகர்த்தர்கள், வெவ்வேறு ஓட்டக்காரர்கள், பத்தாண்டு காலம். எல்லா வழியாகவும் ஒரே செய்தி வருகிறது. ஆதலின் முதல் வகுப்பின் முதலிடத்தை வாஷிங்டனுக்கே தருகிறேன். பெயருக்காக மறுப்பது நீதியன்று.

அதே வகுப்பில் இரண்டாவதாக வைக்கத் தக்கது 1972ஆம் ஆண்டின் மியாமி டால்ஃபின்ஸ். அப்பருவத்தில் ஆடிய பதினேழு ஆட்டங்களிலும் வென்ற அணி அது. சூப்பர் பவுல் காலத்தில் ஒரு பருவத்தைத் தோல்வியும் சமநிலையும் இன்றி நிறைவு செய்த அணி வேறில்லை. ஐந்தாம் ஆட்டத்தில் தளகர்த்தர் பாப் கிரீஸியின் கால் முறிந்தது. அவரிடத்தில் வந்தவர் முப்பத்தெட்டு வயதான ஏர்ல் மோரல். ஓடித் தப்பும் வயதன்று அது. அவரைக் காத்து நின்றவர்கள் இருக்கையில் ஓட வேண்டிய தேவையும் பெரிதாக ஏற்படவில்லை. லாரி சோங்கா 1,117 கஜமும், மெர்குரி மோரிஸ் சரியாக 1,000 கஜமும் ஓடினர். ஒரே அணியில் இருவர் ஒரே பருவத்தில் ஆயிரத்தை எட்டியது அதுவே முதன்முறை. ஒருவர் இடித்துக்கொண்டு ஓடும் கனத்த ஆள். மற்றவர் வளைந்து நழுவும் வேகக்காரர். இருவேறு இயல்பினருக்கும் ஒரே வரிசை வழி செய்தது. மையவீரர் ஜிம் லேங்கரும் காவலர் லாரி லிட்டிலும் கூடத் தேர்ந்தெடுக்கப்படாமல் வந்தவர்களே. லேங்கரை அதற்குமுன் ஓர் அணி வேண்டாமென்று அனுப்பிவிட்டிருந்தது. ஏடுகள் காட்டும் மதிப்புக்கும் ஆளின் மதிப்புக்கும் உள்ள தூரம் இவ்வளவு!

மூன்றாவது கிரீன் பே பேக்கர்ஸ். விஸ்கான்ஸின் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் அணி. 1959ல் அதன் பயிற்சியாளராக வந்த வின்ஸ் லொம்பார்டி, முன்பு நியூ ஜெர்ஸியில் ஒரு பள்ளியில் லத்தீனும் இரசாயனமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். கல்லூரி நாட்களில் தாமே முன்வரிசைக் காவலராக நின்றவர். இந்த இரண்டையும் அறிந்த பிறகு அவர்மீது எனக்குத் தனி ஈடுபாடு உண்டாகிவிட்டது, அதை மறைப்பானேன்? ஒரே பாடத்தை மாணவன் கனவிலும் பிழையின்றிச் சொல்லும்வரை நடத்தும் ஆசிரியர் வகை அவர். அவருடைய பிரதான பாடம், இரு காவலரும் வரிசையை விட்டுப் பின்வாங்கி, பக்கவாட்டில் ஓடி, ஓட்டக்காரருக்கு முன்னே அரணாகச் செல்லும் ஒரு முறை. எல்லா எதிரணிகளும் அதை எதிர்பார்த்தன. எதிர்பார்த்தும் தடுக்க முடியவில்லை. 1961க்கும் 1967க்கும் இடையே ஐந்து முறை அவ்வணி சாம்பியன் ஆயிற்று.

1967 டிசம்பர் 31 அன்று டல்லஸ் அணியுடன் நடந்த ஆட்டம் பனிக்கட்டியின் பெயராலேயே இன்றும் வழங்கப்படுகிறது. வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 25 பாகை செல்சியஸ். தரை கல்லாக உறைந்திருந்தது. பதினாறு வினாடிகள் மிச்சம். கிரீன் பே 14க்கு 17 என்று பின்தங்கியிருந்தது; எல்லைக் கோட்டுக்கு ஓரடி, ஈரடி தூரமே. தளகர்த்தர் பார்ட் ஸ்டார் பந்தை யாரிடமும் கொடுக்காமல், காவலர் ஜெர்ரி கிரேமருக்குப் பின்னால் தாமே புகுந்தார். கிரேமரும் மையவீரர் கென் போமனும் சேர்ந்து எதிரியைப் பெயர்த்துத் தள்ளிய இடைவெளி அது. 21க்கு 17 என வெற்றி. முந்தைய வெற்றிகளில் ஓடிப் புகழ்பெற்ற பால் ஹார்னங்கும் ஜிம் டெய்லரும் அவ்வாண்டு அணியில் இல்லை. அவர்கள் சென்ற பின்னும் வழி திறந்தது என்பதே என் சான்று.

இதற்குப் பின் நடந்ததையும் கேட்க வேண்டும். ஒஹையோ மாநிலத்தின் கான்ட்டன் நகரில் 1963ல் திறக்கப்பட்ட புகழ் மண்டபம் ஒன்று உண்டு. சிறந்த வீரர்களின் மார்பளவுச் சிலைகளை அங்கே வைப்பார்கள். அந்த இடைவெளியில் நுழைந்த ஸ்டார் 1977ல் அம்மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். இடைவெளியைத் திறந்த கிரேமர் சேர்க்கப்பட்டது 2018ல், எண்பத்திரண்டாம் வயதில். நாற்பத்தொரு ஆண்டு வித்தியாசம். இடையில் எத்தனையோ முறை அவர் பெயர் இறுதிப் பட்டியல்வரை வந்து திரும்பியிருந்தது.

இரண்டாம் வகுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1990களின் டல்லஸ் கவ்பாய்ஸ் மூன்று சூப்பர் பவுல் வென்றது. அவ்வரிசைக்குப் பின்னால் ஓடிய எம்மிட் ஸ்மித், தம் வாழ்நாளில் சேர்த்த 18,355 கஜம் இன்றும் முறியடிக்கப்படவில்லை. எனினும் 1993ல் ஊதியத் தகராறினால் ஸ்மித் வராதிருந்த முதல் இரண்டு ஆட்டங்களிலும் அவ்வணி தோற்றது. சோதனை வந்தபோது சாட்சி சற்றுத் தடுமாறிவிட்டது. பஃபலோ பில்ஸின் 1973 வரிசையும் இத்தகையதே. ஓ. ஜே. சிம்ப்ஸன் அவ்வாண்டு பதினான்கே ஆட்டங்களில் 2,003 கஜம் ஓடினார். அந்த எண்ணிக்கையை எட்டிய நாளில் பத்திரிகையாளர் முன் தனியே செல்லாமல், தமக்கு வழி திறந்தவர்களையும் உடன் அழைத்துச் சென்றார். பிற்காலத்தில் அவர் பெயர் நீதிமன்ற வழக்குகளில் அடிபட்டது உலகறிந்தது. ஆனால் அன்று அவர் செய்தது நன்றியுள்ள செயல். ஆயினும் அறிவிப்பாளர் ஒருவரே. ஆகவே அதனை மூன்றாம் வகுப்பில் நிறுத்தினேன்.

ஓக்லாந்து ரைடர்ஸைத் தனியே சொல்ல வேண்டும். இடப்புறத்தில் ஜீன் அப்ஷாவும் ஆர்ட் ஷெல்லும் அடுத்தடுத்து நின்றனர். 1977 சூப்பர் பவுலில் அவ்வணி 266 கஜம் ஓடிற்று; பெரும்பகுதி அந்த இருவர் பக்கமாகவே. கறுப்பினத்தவரான இருவரும் பின்னர் வேறு வழிகளையும் திறந்தார்கள். நவீன காலத்தில் அத்தொழில்முறை ஆட்டத்தின் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளராக 1989ல் ஷெல் பொறுப்பேற்றார். அப்ஷா 1983 முதல் 2008ல் மறையும்வரை வீரர் சங்கத்தின் தலைவராக இருந்தார். ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணிக்குச் செல்லலாம் என்ற உரிமை 1993ல் நடைமுறைக்கு வந்தது அவர் காலத்திலேயே. அதன் பின்னரே, தளகர்த்தரின் முதுகைக் காக்கும் ஓரக்காவலருக்கு எத்தனை பெரும் ஊதியம் தகும் என்பதைச் சந்தை ஒப்புக்கொண்டது. ஆட்டக் கணக்கேடு தராத எண்ணைச் சம்பளக் கணக்கேடு தந்தது என்று சொல்லலாம்.

தரஃபாவின் இடம் ஒன்று வைத்திருக்கிறேன். அது 1940களின் தொடக்கத்துச் சிகாகோ பேர்ஸுக்கு. 1940 டிசம்பர் 8 அன்று இறுதிப் போட்டியில் வாஷிங்டனை அவ்வணி 73க்குப் பூஜ்யம் என்று வீழ்த்தியது. அதற்கு நிகரான வெற்றி அந்த ஆட்ட வரலாற்றில் இல்லை. புல்டாக் டர்னர், ஜோ ஸ்டைடஹர், ஜார்ஜ் முஸ்ஸோ, டேனி ஃபோர்ட்மன் என அவ்வரிசையின் நால்வர் புகழ் மண்டபத்தில் உள்ளனர். ஃபோர்ட்மன் ஆடிக்கொண்டே மருத்துவம் படித்துப் பட்டம் பெற்றவர்! தாக்குவதும் காப்பதும் அக்காலத்தில் அதே ஆட்களே. ஆனால் நாம் பார்த்துத் தீர்ப்புச் சொல்லத் தக்க படச்சுருள்கள் மிகக் குறைவு. முதல் வகுப்புக்கு உரியவர்களாய் இருக்கக் கூடும் என்று எழுதி, சான்றின் குறைவால் கீழே வைக்கிறேன்.

"நம்மவர் எவருமில்லையா ஹஜ்ரத்?" என்று மாணவர் கேட்டதும் நினைவிருக்கிறது. இருக்கிறார். பள்ளிப் பருவத்திலேயே இஸ்லாத்தைத் தழுவிய ரயன் ஹாரிஸ், 2016 பிப்ரவரியில் டென்வர் அணி ஐம்பதாவது சூப்பர் பவுலை வென்றபோது அதன் இடப்புற ஓரக்காவலராக நின்றவர். மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அவ்வெற்றி அணியின் தற்காப்பு ஆட்டத்தால் வந்தது, முன்வரிசை நடுத்தரமானது. அதை என் பட்டியலில் சேர்க்கவில்லை. இமாம் புகாரீ (ரஹ்) அவர்களின் ஆசிரியரான அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அன்னாரின் சொந்தத் தந்தையாரைப் பற்றிக் கேட்டபோது, அறிவிப்பில் பலவீனமானவர் என்றே தீர்ப்புச் சொன்னார்கள். அத்தகையோரின் கலையைக் கற்றுவிட்டு, நம்மவர் என்பதற்காக ஒருவரை உயர்த்துவது எங்ஙனம்?

எஞ்சியிருப்பது பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். 1975க்கும் 1980க்கும் இடையே நான்கு சூப்பர் பவுல் வென்ற அணி. தளகர்த்தர் டெர்ரி பிராட்ஷாவும் ஓட்டக்காரர் ஃபிராங்கோ ஹாரிஸும் நான்கிலும் மாறவில்லை. தற்காப்பு அணியோ ஈடற்றது. எனவே முன்வரிசையின் பங்கைத் தனித்துக் காட்டுவது கடினம். இரண்டாம் வகுப்பு.

அவ்வரிசையின் மையவீரர் மைக் வெப்ஸ்டர். 1974ல் சேர்ந்து பதினேழு பருவங்கள் ஆடினார். பந்தைப் பின்னால் கொடுத்த அதே கணத்தில் எதிரியின் தலையோடு தலை மோதும் இடம் மையவீரருடையது. ஆட்டத்திலும் பயிற்சியிலும் அவர் தாங்கிய மோதல்களை எவரும் எண்ணவில்லை. ஓய்வுக்குப் பின் நினைவு தடுமாறியது. உறக்கம் போயிற்று. செல்வம் கரைந்தது. சில காலம் தம் வண்டியிலேயே படுத்துறங்கினார். 1997ல் புகழ் மண்டபம் அவரை ஏற்றது. 2002 செப்டம்பரில் மறைந்தார்.

அவருடைய உடலைப் பரிசோதித்தவர் நைஜீரியாவில் பிறந்து பிட்ஸ்பர்கில் பணியாற்றிய பெனெட் ஒமாலு என்னும் மருத்துவர். அந்த ஆட்டத்தை அறியாத அந்நியர். புறத்தே பார்க்கையில் மூளை குற்றமற்றதாகவே தோன்றியது. மனநிறைவு கொள்ளாத அவர் அதை மென்மையான சீவல்களாக்கி நுண்ணாடியில் ஆராய்ந்தார். தொடர்ந்து தலையில் அடிபட்டோருக்கு உண்டாகும் சிதைவு உள்ளே பரவியிருப்பதைக் கண்டார். 2005ல் அது மருத்துவ ஏட்டில் வெளியாயிற்று. ஆட்டச் சங்கம் முதலில் அதை மறுத்தது. பின்னர் ஆயிரக்கணக்கான முன்னாள் வீரர்கள் வழக்குத் தொடுத்தனர். இழப்பீட்டு உடன்பாட்டை நீதிமன்றம் 2015ல் ஏற்றது. வெப்ஸ்டரைப் போல நின்ற மற்றொருவர் ஓக்லாந்தின் மையவீரர் ஜிம் ஓட்டோ. பதினைந்து பருவங்களில் ஓர் ஆட்டத்தையும் தவறவிடாதவர். எண்ணற்ற அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின் 2007ல் அவருடைய வலது கால் துண்டிக்கப்பட்டது.

இவற்றைப் படித்த இரவு, ஸ்டீலர்ஸை முதல் வகுப்புக்கு உயர்த்திவிடலாமா என்று மனம் ஊசலாடியது உண்மை. இரக்கத்தால் தரத்தை மாற்ற என் கலை இடந்தரவில்லை. ராவிகளைப் பற்றிய நம் நூல்களில் பெயருக்குப் பின் வஃபாத்தான ஆண்டைக் குறிப்பது வழக்கம். மாணவருக்கு அனுப்பிய பட்டியலில், இரண்டாம் வகுப்பின் கீழ் வெப்ஸ்டரின் பெயரை எழுதி, அதன் எதிரே இப்படிக் குறித்தேன்: மறைவு 2002, வயது ஐம்பது.